விடுதிக் குழந்தைகளும் மூளை வளர்ச்சியும்

பிறந்த குழவி தானே உண்ணமாட்டாது; தானே உடுக்கமாட்டாது; தன் துயரை எடுத்துச் சொல்லவும் மாட்டாது. ஆவின் கன்று பிறந்த சில நாழிகையுள் எழுந்து நிற்க, மனிதக் குழவியோ ஆண்டுக்கணக்கிற் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடக்கின்றது. அவ்வாறு கிடக்கும் காலத்தில் அதற்கு வேண்டுவன யாவை என்னும் வினாவிற்கு விடை எளிதென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பாலும் துணியும் கூரையும் நோயிலிருந்து காப்பும் உளவாயின் குழந்தை தானே வளர்ந்துவிடும் என்பதே அவ்விடை. அஃது எத்துணைக் குறையுடையது என்பதை அறிஞர் உலகம் தெளிந்துகொண்டது இருபதாம் நூற்றாண்டிலேயாம். அத்தெளிவு நூல்களிலிருந்து மட்டும் பிறந்ததன்று; பெற்றோர் மடியை இழந்து, அரசினதும் அறநிலையங்களினதும் விடுதிகளில் வளர்ந்த பல்லாயிரம் குழந்தைகளின் வாழ்விலிருந்து பெறப்பட்டது. ஒருமுறை பெற்ற அவ்வறிவு புறக்கணிக்கப்பட்டுப் பின்னர் பெருவிலை கொடுத்து மீண்டும் பெறப்பட்டது என்பதே இவ்வரலாற்றின் துயர் மிகுந்த பகுதியாகும்.

பழைய இல்லங்கள்

கைவிடப்பட்ட குழந்தைகளைப் பேணும் இல்லங்கள் ஐரோப்பாவிற் பழமை வாய்ந்தன. இத்தாலியின் புளோறன்ஸ் நகரில் புறுனெல்லெஸ்கி என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த இன்னொசென்றி இல்லம் 1445 இல் தன் முதற் குழந்தையை ஏற்றது. இலண்டனில் தோமஸ் கோறம் என்னும் கப்பற்றலைவர் பல்லாண்டு முயன்று 1739 இல் அரச பட்டயம் பெற்று நிறுவிய இல்லம் 1741 இற் குழந்தைகளை ஏற்கத் தொடங்கியது. தெருவோரத்தில் எறியப்பட்டு இறக்கும் சிசுக்களைக் கண்டு பொறாத உள்ளமே இத்தகைய இல்லங்களுக்கு வித்தாயிற்று. எனினும், நோக்கத்தின் தூய்மை விளைவின் நன்மைக்குப் பிணையாகவில்லை. 1756 முதல் 1760 வரை பாராளுமன்றத்தின் பொருளுதவியோடு, கொண்டுவரப்பட்ட குழந்தைகள் அனைத்தையும் இலண்டன் இல்லம் ஏற்றது. அந்நான்காண்டில் வந்த ஏறத்தாழ 15,000 குழந்தைகளுள், தொழில் பயில அனுப்பப்படும் வயதுவரை உயிரோடிருந்தோர் ஏறத்தாழ 4,400 பேரே.

இம்மரணங்களுக்கு நோயும் பாற்குறையும் காரணங்களெனக் கொள்ளப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நுண்கிருமிகளே தொற்றுநோய்களை விளைவிக்கின்றன என்பது பாஸ்ரர், கொக் ஆகியோரின் ஆராய்ச்சியால் நிலைநாட்டப்பட்டதும், விடுதிகளிலும் வைத்தியசாலைகளிலும் தூய்மையே முதற் கடமையாயிற்று. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் அத்தூய்மையின் பெயராலேயே குழந்தைகள் ஒன்றையொன்று காணாவண்ணம் மறைப்புகளுக்குள் வைக்கப்பட்டன. தூக்குதலும் அணைத்தலும் தொற்றுக்கு வழியெனத் தவிர்க்கப்பட்டன. வைத்தியசாலைகளிற் பெற்றோர் பார்வையிடும் நேரம் மிகக் குறுக்கப்பட்டது. இதற்குத் துணையாக உளநூலாருள் ஒரு சாராரும் நின்றனர். அமெரிக்க உளநூலறிஞரான ஜோன் வாற்சன் 1928 இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூலில், குழந்தைகளை அணைத்து முத்தமிடுதலையும் மடியில் இருத்துதலையும் தவிர்க்குமாறு பெற்றோருக்கு அறிவுரை கூறினார். ஆக, கிருமிக்கு அஞ்சிய மருத்துவமும் செல்லத்துக்கு அஞ்சிய உளநூலும் ஒரே முடிவை வந்தடைந்தன. குழந்தையைத் தொடாதிருத்தல் நற்பண்பாயிற்று.

முதற் சான்றுகள்

இம்முடிவை அசைத்த முதற் சான்றுகளுள் ஒன்று ஐக்கிய அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் எதிர்பாராத வகையிற் கிடைத்தது. ஹரல்ட் ஸ்கீல்ஸ் என்னும் உளநூலறிஞர், அநாதை விடுதியொன்றில் அறிவுவளர்ச்சி மிகக் குன்றியிருந்த இரு பெண் குழந்தைகள், அறிவுக் குறையுடைய பெண்கள் வாழும் நிலையமொன்றுக்கு மாற்றப்பட்ட சில மாதங்களில் வியக்கத்தக்க முன்னேற்றம் பெற்றமையைக் கண்டார். அங்கிருந்த பெண்கள் அவ்விரு குழந்தைகளையும் தம் பிள்ளைகளெனக் கொண்டு தூக்கியும் பேசியும் விளையாடியும் வளர்த்திருந்தனர். பின்னர் 13 குழந்தைகள் அவ்வாறே மாற்றப்பட்டனர். விடுதியிலேயே தங்கிய 12 குழந்தைகளோடு அவர்கள் ஒப்பிடப்பட்டனர். 1939 இல் வெளிவந்த அறிக்கையின்படி, மாற்றப்பட்டோரின் நுண்மதி ஈவு சராசரியாக ஏறத்தாழ 28 புள்ளிகள் உயர, விடுதியில் தங்கியோரின் ஈவு 26 புள்ளிகள் வரை தாழ்ந்தது. இவர்களைத் தேடிக் கண்டு ஸ்கீல்ஸ் 1966 இல் வெளியிட்ட தொடராய்வில், மாற்றப்பட்ட 13 பேரும் பிறர் உதவியின்றித் தம் வாழ்க்கையை நடத்துவோராயிருந்தனர். ஒப்பிடப்பட்ட மற்றைக் குழுவினருள் ஒருவர் இளமையிலேயே இறந்திருக்க, நால்வர் இன்னும் நிலையங்களிலேயே இருந்தனர். தொகை சிறிதாயினும் அவ்வேறுபாடு பெரிது.

இரண்டாவது சான்றினைத் தந்தவர் வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய உளப்பகுப்பாய்வாளர் றெனே ஸ்பிற்ஸ். அவர் 1945 இல் இரு நிறுவனங்களின் குழந்தைகளை ஒப்பிட்டு எழுதினார். ஒன்று பெண்களுக்கான சிறைச்சாலையைச் சார்ந்த குழந்தைக் காப்பகம். அங்குக் கைதிகளான தாய்மாரே தம் குழந்தைகளைப் பேணினர். மற்றையது கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லம். அங்கு உணவும் மருத்துவமும் தூய்மையும் நன்கமைந்திருந்தன. ஆனால் தாதி ஒருவருக்கு எட்டுக் குழந்தைகள் என்னும் அளவிலேயே கவனிப்புக் கிடைத்தது. தொட்டில்களின் பக்கங்களிலே தொங்கிய துணிகள் குழந்தையின் பார்வையைக் கூரையளவில் நிறுத்தின. முதல் நான்கு மாதங்களில் 124 ஆக இருந்த இவ்வில்லக் குழந்தைகளின் வளர்ச்சி ஈவு, ஆண்டின் இறுதியில் 72 ஆயிற்று. மறுவருடம் வெளிவந்த தொடராய்வில், ஈராண்டுக்குள் 91 குழந்தைகளுள் 34 பேர் இறந்தமை கூறப்பட்டது. சிறைச்சாலைக் காப்பகத்திலோ குழந்தை எதுவும் இறக்கவில்லை. சிறைக்குள் தாயோடிருந்த குழந்தை தளிர்க்க, தூய இல்லத்திலே தனித்துக் கிடந்த குழந்தை வாடியது என்னும் செய்தி அறிஞரைத் திகைக்கச் செய்தது. ஸ்பிற்ஸின் ஆய்வு முறையிற் குறைகள் உளவென 1955 இல் சாமுவேல் பினோ என்பவர் விரிவாகக் கண்டித்தார். அக்கண்டனத்தில் உண்மையுண்டு. எனினும், எழுப்பப்பட்ட வினா மறையவில்லை.

இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் எண்ணிறந்த குழந்தைகளை வீடற்றோராக்கியது. அவர்களின் உளநலம் பற்றி ஆராயுமாறு உலக சுகாதார நிறுவனம் ஆங்கில உளமருத்துவரான ஜோன் பௌல்பியைப் பணித்தது. அவர் 1950 இல் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிற்கும் ஐக்கிய அமெரிக்காவிற்கும் சென்று, அங்குள்ள அறிஞரைக் கண்டு, 1951 இல் தம் அறிக்கையை வெளியிட்டார். தாயோடாயினும், தாயின் இடத்தில் நிலையாக நிற்கும் ஒருவரோடாயினும், அன்பு நிறைந்த நெருங்கிய இடையறா உறவு குழந்தையின் உளநலத்துக்கு இன்றியமையாதது என்பது அவ்வறிக்கையின் சாரம். அவரோடு பணியாற்றிய ஜேம்ஸ் றொபேட்சன், வைத்தியசாலையிலே தாயைப் பிரிந்திருந்த இரண்டு வயதுச் சிறுமியின் எட்டு நாட் துயரத்தை 1952 இற் படமாக்கினார். அப்படத்தைக் கண்ட மருத்துவர் பலர் முதலிற் சினந்தனர். ஆயினும், 1959 இல் பிளாற் குழுவின் அறிக்கை, பெற்றோர் தம் குழந்தைகளைத் தடையின்றிப் பார்வையிட வழிசெய்யுமாறு பிரித்தானிய வைத்தியசாலைகளுக்குப் பரிந்துரைத்தது.

இக்காலத்திலேயே அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஹறி ஹாலோ குரங்குக் குட்டிகளை வைத்து நடத்திய பரிசோதனைகள் 1958 இல் வெளிவந்தன. பால் தரும் கம்பிப் பாவையும் பால் தராத துணிப் பாவையும் ஒருங்கே வைக்கப்பட்டபோது, குட்டிகள் பாலுக்காக மட்டுமே கம்பிப் பாவையை நாடி, ஏனைய பொழுதின் பெரும்பகுதியைத் துணிப் பாவையைப் பற்றியவாறே கழித்தன. உணவு தரும் கையினிடத்தே அன்பு பிறக்கும் என்ற பழைய கொள்கை இதனாலே தளர்ந்தது. முற்றாகத் தனிமையில் வளர்ந்த குட்டிகள் பின்னர் தம் இனத்தோடு கூடி வாழும் திறனை இழந்திருந்தன. அக்குட்டிகள் பட்ட துன்பம் கருதி இப்பரிசோதனைகள் பின்னாளிற் கடுங்கண்டனத்துக்கு உள்ளாயின என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

பௌல்பியின் கருத்துக்கும் திருத்தங்கள் எழாமலில்லை. பெற்ற தாயே வேண்டும் என்று கொள்வது தவறு. குறுகிய காலப் பிரிவும் நீடித்த இழப்பும் ஒன்றல்ல. இருந்த உறவை இழத்தல் வேறு, எவ்வுறவும் அமையப்பெறாதிருத்தல் வேறு என இவற்றை மைக்கல் றற்றர் 1972 இல் வெளியிட்ட நூலிற் பகுத்துக் காட்டினார். இவற்றுள் எவ்வுறவும் அமையப்பெறாமையே மிகக் கொடிய விளைவைத் தருவதென்பது அவர் கருத்து. ஆயினும், குழந்தைக்கு நிலையான ஒருவர் வேண்டும் என்னும் அடிப்படை அசையவில்லை. மேலை நாடுகள் பலவற்றிற் கைக்குழந்தைகளுக்கான பெரிய விடுதிகள் படிப்படியாக மறைந்தன. வேறு நாடுகளில் நிலைமை மறுதலையாக இருந்தது. அவற்றுள் உருமேனியாவின் வரலாறு தனியே நோக்கத்தக்கது.

உருமேனியாவின் ஆணை

1965 இல் உருமேனியப் பொதுவுடைமைக் கட்சியின் தலைமையை ஏற்ற நிக்கொலாய் சௌசெஸ்கு, மக்கட்டொகை பெருகினால் நாட்டின் உழைப்பும் வலிமையும் பெருகும் எனக் கருதினார். 1966 ஒக்டோபரில் 770 ஆம் இலக்க ஆணை பிறந்தது. 45 வயதைக் கடந்தோர், நான்கு பிள்ளைகளைப் பெற்றோர் முதலிய சிலருக்கன்றி ஏனையோருக்குக் கருக்கலைப்புத் தடைசெய்யப்பட்டது. கருத்தடைச் சாதனங்கள் கிடைத்தற்கரியனவாயின. பிள்ளையற்றோர்மீது வரி விதிக்கப்பட்டது. 1966 இல் ஏறத்தாழ 2,74,000 ஆக இருந்த பிறப்புகள் 1967 இல் ஏறத்தாழ 5,28,000 ஆயின. ஓராண்டுக்குள் பிறப்பு இருமடங்கு ஆகிய நாட்டில் மகப்பேற்று மனையும் பள்ளிக்கூடமும் ஊதியமும் இருமடங்கு ஆகவில்லை. 1980களிலே வெளிநாட்டுக் கடனைத் தீர்ப்பதற்காக உணவும் எரிபொருளும் பங்கிட்டு வழங்கப்பட்டபோது, வளர்க்க வழியற்ற குடும்பங்களின் நிலை மேலும் இடர்ப்பட்டது.

அரசு இதற்கு வகுத்த வழி விடுதியாகும். 1970 இல் நிறைவேறிய சட்டமொன்று இவ்விடுதிகளை வயதுவாரியாக ஒழுங்குபடுத்தியது. மூன்று வயதுவரை குழந்தைகள் ‘தொட்டில்’ எனப் பொருள்படும் லெயகன் என்னும் விடுதிகளில் இருப்பர். மூன்று வயதில் அதிகாரிகள் அவர்களைப் பரிசோதித்துத் தரம் பிரிப்பர். உடலும் உள்ளமும் நலமெனக் காணப்பட்டோர் பிள்ளை இல்லங்களுக்கும், ‘மீட்கவியலாதோர்’ எனத் தீர்க்கப்பட்டோர் வைத்தியசாலை விடுதிகளுக்கும் அனுப்பப்பட்டனர். பின்னையோரின் நிலை சொல்லுந்தரமன்று. இவ்விடுதிக் குழந்தைகளுட் பெரும்பாலோர் அநாதைகளல்லர். பெற்றோர் உயிரோடிருந்தும் வறுமையால் ஒப்படைக்கப்பட்டோரே என்பது மனங்கொள்ளத்தக்கது. பெற்றோரைவிட அரசே பிள்ளைகளைச் செவ்வனே வளர்க்கும் என்னும் பரப்புரை அவ்வொப்படைப்பை எளிதாக்கியது.

விடுதியின் நாள் கடிகாரத்தின் நாளாக இருந்தது. குறித்த நேரத்திற் பாற்புட்டி வாயிற் சாத்தி வைக்கப்படும். குறித்த நேரத்தில் வரிசையாகக் குளிப்பாட்டப்படுவர். எஞ்சிய பொழுது தொட்டிற் கம்பிகளுக்கிடையே கழியும். பராமரிப்பாளர் ஒருவருக்குப் பன்னிரண்டும் பதினைந்தும் அதற்கு மேற்பட்டும் குழந்தைகள். பணிமுறை மாறுந்தோறும் முகங்களும் மாறும். எந்த முகமும் குறித்த ஒரு குழந்தைக்கு உரியதன்று. பின்னாளிற் சென்று கண்டோரைத் திடுக்கிடச் செய்தது இக்கூடங்களின் அமைதியாகும். அழுதால் எவரும் வாரார் என்பதை அறிந்த குழந்தை அழுவதை விட்டுவிடுகின்றது. தன் உடலைத் தானே முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருக்கின்றது. பராமரிப்பாளர் அனைவரும் கொடியோர் என்பது இதன் பொருளன்று. ஒருவருக்குப் பதினைந்து குழந்தைகள் என்னும் கணக்கிலே நல்லோரும் ஊட்டவும் துடைக்கவும் மட்டுமே இயலும். 1970களின் இறுதியிற் பல்கலைக்கழகங்களில் உளநூற் பயிற்சியும் நிறுத்தப்பட்டமையால், இம்முறையின் தீமையை எடுத்துரைக்கத்தக்க அறிவும் நாட்டில் அருகிற்று. பௌல்பியின் அறிக்கை வெளிவந்து பதினைந்து ஆண்டுகளின் பின்னர் தொடங்கிய முறை இது. அறியாமை என்று கூறி இதனை மன்னித்தல் அரிது.

இரு பெரும் ஆய்வுகள்

1989 டிசெம்பரிற் சௌசெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தது. அவர் கொல்லப்பட்ட மறுநாளே 770 ஆம் ஆணை நீக்கப்பட்டது. 1990 இல் மேலைநாட்டுத் தொலைக்காட்சிகள் இவ்விடுதிகளின் உள்ளே நிகழ்ந்தவற்றை உலகுக்குக் காட்டின. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அவற்றில் இருந்தனரெனக் கணிக்கப்பட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமிருந்து பலர் சென்று குழந்தைகளை மகவேற்றனர். அவ்வாறு இங்கிலாந்துக்கு வந்த குழந்தைகளுள் 165 பேரை மைக்கல் றற்றரும் அவர்தம் குழுவினரும் ஆண்டுக்கணக்கிற் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். பிரித்தானியாவிலேயே பிறந்து மகவேற்கப்பட்ட 52 பேர் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்பட்டனர். வந்தபோது உருமேனியக் குழந்தைகளுட் பாதிப்பேர் உடல் எடையில் மிகக் கீழ்ப்பட்டிருந்தனர். நல்லுணவும் நற்குடும்பமும் பெற்றபின் பலர் விரைந்து தேறினர். ஆனால் எல்லோரும் ஒரே அளவிலே தேறவில்லை.

அவ்வேறுபாட்டின் எல்லைக்கோடு ஆறு மாதம் எனக் காணப்பட்டது. ஆறு மாதம் நிறையுமுன் விடுதியை விட்டு நீங்கியோர் பிற்காலத்தில் ஏனைப் பிள்ளைகளைப் பெரிதும் ஒத்திருந்தனர். அதற்கு மேலும் விடுதியிற் கழித்தோருட் பலரிடத்துக் கவனம் நிலைகொள்ளாமை, அயலாரையும் தம்மவரையும் வேறுபாடின்றி அணுகுதல், பிறர் உள்ளக் குறிப்பை உணர்தலில் இடர்ப்பாடு முதலியன நீடித்தன. 2017 இல் வெளியான ஆய்வில், இவர்கள் இருபது வயதைக் கடந்த இளைஞரான பின்னும் இவ்விடர்களுட் பல நீங்கவில்லை என்பது தெரிந்தது. பள்ளிப் பருவத்திலே தோன்றாத மனச்சோர்வும் பதற்றமும் சிலரிடம் பின்னரே தலைகாட்டின. எனினும், ஆறு மாதத்துக்கு மேல் விடுதியிலிருந்தோருள்ளும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் எவ்விடருமின்றி வளர்ந்தனர் என்பதும் அவ்வாய்வின் முடிபே.

இங்கிலாந்து ஆய்வில் ஓர் ஐயத்துக்கு இடமிருந்தது. நலமாகக் காணப்பட்ட குழந்தைகளையே மகவேற்போர் தெரிந்தெடுத்திருக்கலாம் அன்றோ? இவ்வையத்தை நீக்கும் வகையில் அமைந்தது, சாள்ஸ் நெல்சன், சாள்ஸ் ஸீனா, நேதன் பொக்ஸ் என்னும் மூவர் புக்கறெஸ்ற் நகரில் நடத்திய ஆய்வு. ஆறு விடுதிகளிலிருந்து, ஆறு மாதம் முதல் 31 மாதம் வரை வயதுடைய 136 குழந்தைகள் கொள்ளப்பட்டனர். 2001 இல் அவர்கள் எழுமாற்று முறையில், அதாவது எவர் விருப்புக்கும் இடந்தராத தெரிவின்படி, 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கும் 68 பேர் வழமையான பராமரிப்புக்கும் என வகுக்கப்பட்டனர். தம் பெற்றோரோடு வாழ்ந்த 72 குழந்தைகளும் ஒப்பிடப்பட்டனர். பாதிக் குழந்தைகளை விடுதியில் விட்டுவைத்தல் அறமாகுமா என்னும் வினா எழுந்தது இயல்பே. அந்நகரில் வளர்ப்புக் குடும்பமுறை அக்காலத்தில் ஏறத்தாழ இல்லையென்றே சொல்லத்தக்க நிலையில் இருந்தது. ஆய்வாளரே அக்குடும்பங்களைத் தேடிப் பயிற்றிப் பொருளுதவியும் அளித்தனர். எந்தக் குழந்தையையும் ஆய்வின்பொருட்டு விடுதியில் நிறுத்திவைப்பதில்லை என்றும், குடும்பத்துக்குச் சென்ற குழந்தையை மீள விடுதிக்கு அனுப்புவதில்லை என்றும் நெறி வகுக்கப்பட்டது. நாளடைவில் மற்றைக் குழுவினருட் பலரும் விடுதியை விட்டு நீங்கினர்.

2007 இல் வெளியான முடிபுகள் தெளிவானவை. மூன்றரை வயதில், விடுதிக் குழுவின் நுண்மதி ஈவு சராசரி 77. வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தோரது 86. பெற்றோரோடு வாழ்ந்தோரது 103. இளமையிலேயே குடும்பத்துக்குச் சென்றோர் மிகுந்த பயன் பெற்றனர். இரண்டு வயதுக்கு முன்னே சென்றோருக்கும் பின்னே சென்றோருக்குமிடையே வேறுபாடு புலனாயிற்று. அறிவுத்திறனைவிட உணர்ச்சி வாழ்விலே மாற்றம் மேலும் நன்கு தெரிந்தது. மூன்றரை வயதில் வளர்ப்பாரிடத்துப் பாதுகாப்பான பிணைப்பைக் கொண்டிருந்தோர் விடுதிக் குழுவில் நூற்றுக்கு 18 பேர். குடும்பக் குழுவில் நூற்றுக்கு 49 பேர். பெற்றோரோடு வாழ்ந்த குழுவில் நூற்றுக்கு 65 பேர். விடுதியில் ஒரு காலம் வாழ்ந்தோரிடை, நான்கரை வயதளவில், நூற்றுக்கு 53 பேரிடம் உளநலக் குறைபாடு ஏதேனும் காணப்பட்டது. ஏனையோரிடம் இது நூற்றுக்கு 22. அச்சமும் மனச்சோர்வும் குடும்ப வாழ்வாற் குறைந்தன. கவனச் சிதறலும் அடங்காமையும் அவ்வளவு எளிதிற் குறையவில்லை.

மூளையில் நிகழ்வது

அன்பின்மை மூளையின் அமைப்பை எவ்வாறு மாற்றும் என்பது அடுத்து எழும் வினா. பிறக்கும்போது மனிதமூளை, வளர்ந்தோர் மூளையின் ஏறத்தாழ நாலிலொரு பங்கு எடையே உடையது. இரண்டு ஆண்டுகளில் அது நாலில் மூன்று பங்கை எட்டுகின்றது. இக்காலத்தில் நரம்புக் கலங்களிடையே இணைப்புகள் அளவிறந்து பெருகுகின்றன. பெருகியவற்றுள் அடுத்தடுத்துப் பயன்படுவன உறுதிபெற, பயன்படாதன களையப்படுகின்றன. எவை பயன்படும் என்பதை அனுபவமே முடிவுசெய்கின்றது. பிறந்த சில வாரங்களில் ஒரு கண் மூடப்பட்ட பூனைக்குட்டி, பின்னர் அக்கண் திறக்கப்பட்டபோதும் அதனாற் பார்வை பெறமாட்டாது என்பதை டேவிட் ஹுபெலும் ரோஸ்ரன் வீசலும் 1963 இற் காட்டினர். கண்ணிற் குறையில்லை, ஒளியை எதிர்பார்த்திருந்த மூளைப் பகுதி, அது வரவேண்டிய பருவத்தில் வாராமையால் வேறு பணிக்குச் சென்றுவிட்டது. அவ்வறிஞர் 1981 இல் நோபல் பரிசு பெற்றனர்.

கண்ணுக்கு ஒளி எவ்வாறோ, அவ்வாறே சிசுவின் மூளைக்கு மனித முகமும் குரலும் தொடுகையும் எதிர்பார்க்கப்படும் உணவாகின்றன. குழந்தை ஓர் ஒலி எழுப்புகின்றது. தாய் திரும்பி நோக்கி மறுமொழி கூறுகின்றாள். குழந்தை சிரிக்கின்றது, அவள் சிரிக்கின்றாள். நாளொன்றுக்குப் பன்முறை நிகழும் இக்கொடுக்கல் வாங்கலில் மொழிக்கும் கவனத்துக்கும் நம்பிக்கைக்கும் உரிய நரம்புவழிகள் சமைகின்றன. விடுதியில் இது நிகழ்வதில்லை. ஆதலின் புறக்கணிப்பு என்பது குழந்தைக்கு ஏதோ ஒன்றைச் செய்தலன்று. நிகழவேண்டிய ஒன்று நிகழாமையே. காயமும் தழும்பும் இல்லாமையின் அது கண்ணுக்குப் புலப்படாது. அதனாலேயே நெடுங்காலம் குற்றமாகவும் கருதப்படவில்லை.

புக்கறெஸ்ற் ஆய்வாளர் குழந்தைகளின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்தபோது, விடுதிக் குழந்தைகளிடம் அல்பா எனப்படும் அலைகளின் வலிமை குன்றியும், தீற்றா எனப்படும் மெதுவான அலைகளின் வலிமை மிகுந்தும் காணப்பட்டன. இது முதிராத மூளையின் குறியாகும். இரண்டு வயதுக்கு முன் குடும்பம் பெற்றோரின் அலைகளோ எட்டு வயதில் ஏனைப் பிள்ளைகளின் அலைகளை ஒத்திருந்தன. காந்தப் பரிவுப் படங்களில், விடுதியிலிருந்தோரின் மூளைச் சாம்பற்பொருளின் அளவு குறைந்திருந்தது. குடும்பம் பெற்றபின்னும் அக்குறை நீங்கவில்லை. நரம்பிழைகளாலான வெண்பொருளோ குடும்பம் பெற்றோரிடம் நன்னிலையை நெருங்கியிருந்தது. இங்கிலாந்துக் குழுவினரை இளைஞரான பின் படமெடுத்து ஆராய்ந்தோர் 2020 இல் தந்த செய்தி மேலும் கவலைக்குரியது: உருமேனிய விடுதியிலிருந்து வந்தோரின் மூளைப் பருமன் ஏனையோரினும் நூற்றுக்கு 8.6 பங்கு குறைந்திருந்தது. விடுதியிற் கழிந்த மாதம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று கன சென்ரிமீற்றர் குறைவோடு தொடர்புற்றிருந்தது. இருபது ஆண்டு நல்வாழ்வும் அவ்வடையாளத்தை முற்றாக அழிக்கவில்லை.

இடர் வந்துழி உடலை ஆயத்தஞ்செய்யும் ஒழுங்கும் இவ்வாறே மாறுகின்றது. அச்சம் நேர்ந்தால் கோட்டிசோல் என்னும் ஓமோன் பெருகுதலும், இடர் நீங்கியபின் அது தணிதலும் இயல்பு. புக்கறெஸ்ற் குழந்தைகளைப் பன்னிரண்டு வயதளவிற் சோதித்தபோது, விடுதியில் நெடிது இருந்தோரின் உடல் இடருக்குத் தக்கவாறு கிளர்ந்தெழவில்லை. மங்கிய மறுமொழியே தந்தது. இரண்டு வயதுக்கு முன் குடும்பம் பெற்றோரிடம் இது பெரும்பாலும் இயல்பாயிருந்தது. குழந்தையின் அச்சத்தைத் தணிக்கும் முதற் கருவி வளர்ப்பாரின் கையே என்பதும், அக்கையின்றி வளர்ந்த உடல் தன்னைத் தானே அடக்கக் கற்காது என்பதும் இதனாற் புலனாகும்.

வரலாறு கற்பிப்பது

இம்முடிபுகளை விதியெனக் கொள்ளுதல் தவறாகும். விடுதியில் வளர்ந்தோர் அனைவரும் குறையுடையோர் என்று எண்ணுவது, மூன்று வயதுக் குழந்தையை மீட்கவியலாதது என்று தீர்த்த அதிகாரிகளின் பிழையை மறுபடி செய்வதாகும். தாமதமாகக் கிடைத்த குடும்பமும் நன்மை செய்தது. உணர்ச்சிப் பிணைப்பு இரண்டு வயதின் பின்னரும் அரும்பியது. ஐயோவாவில் அறிவுக் குறையுடையோரெனப்பட்ட பெண்களின் அரவணைப்பே குழந்தைகளை வாழ்வித்தது என்பதும் மறக்கத்தக்கதன்று. குழந்தைக்கு வேண்டுவது கல்வி நிரம்பிய வளர்ப்பாரோ செல்வம் நிறைந்த மனையோ அன்று. நாள்தோறும் மாறாது வரும் ஒருவர். பெற்றவராயினும் பாட்டியாயினும் வளர்ப்பாராயினும் அவர் தனக்குரியவர் என்று குழந்தை அறியவேண்டும்.

உருமேனியா 2004 இல் இயற்றி 2005 இல் நடைமுறைப்படுத்திய சட்டம், கடுமையான உடற்குறையுடையோரொழிய, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை விடுதியிற் சேர்த்தலைத் தடைசெய்தது. மாற்றுப் பராமரிப்புப் பற்றி 2009 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற நெறிமுறைகள், சிறு குழந்தைகளுக்கு, சிறப்பாக மூன்று வயதுக்குட்பட்டோருக்கு, குடும்பச் சூழலே அளிக்கப்படவேண்டும் என்கின்றன. 1951 இல் ஒரு மருத்துவர் எழுதியது, ஐம்பத்தெட்டு ஆண்டுகளின் பின்னர் நாடுகளின் பொது நெறியாயிற்று.

இத்தாமதமே இவ்வரலாற்றின் சிறந்த பாடம். அரசின் காலமும் குழந்தையின் காலமும் ஒன்றல்ல. கோப்பு ஒன்று மேசையிலே ஆறு மாதம் கிடத்தல் அலுவலகத்திலே சிறு செய்தி; அக்கோப்புக்குரிய சிசுவுக்கோ அஃது ஒரு பருவம். வளர்ந்தோர்க்கு இழந்த உணவை மறுநாள் ஈடுசெய்யலாம். சிசுவுக்கு இழந்த பருவத்தை அவ்வாறு மீட்டுக் கொடுத்தல் எளிதன்று. பிறப்புகளை எண்ணிய ஆட்சி, பிறந்தோரை ஏந்தும் கைகளை எண்ணத் தவறியது. போரினாலும் வறுமையாலும் இயற்கை இடரினாலும் பெற்றோரை இழக்கும் குழந்தைகள் எந்நாட்டிலும் உளர். அவர்களுக்காக இல்லம் கட்ட எழும் கருணை, எத்தனை கட்டில்கள் வேண்டும் என்னும் கேள்வியோடு நின்றுவிடாது, ஒவ்வொரு குழந்தைக்கும் உரியவர் யார் என்னும் கேள்வியையும் கேட்டு, அதற்குக் காலந்தாழ்த்தாது விடை காணுமாயின், அவ்விடுதிகளின் அமைதியில் அடங்கிப்போன அழுகுரல்கள் முற்றும் வீண்போனவையாகா.